புட்டியில் இல்லாத வாடை

தொண்ணூறுகளின் பிற்பகுதியில் நடந்தது இது. திருத்துறைப்பூண்டிப் பக்கம் ஒரு சின்னக் கடைத்தெருவில் பூச்சிமருந்துக் கடை வைத்திருந்தேன். சம்பாப் பயிரில் புகையான் பூச்சி இறங்கிவிட்டால் சனங்கள் நேராக என் கடைக்குத்தான் வருவார்கள். அப்போது எனக்கு முப்பத்து மூன்று வயது. வீட்டில் மனைவி, நான்கு வயதில் ஒரு பெண் குழந்தை.

இரண்டு மா, அதாவது ஒரு ஏக்கர்கூட இல்லாத நிலத்தைக் குத்தகைக்குப் பார்க்கிறவருக்கு ஒரு லிட்டர் மருந்து எதற்கு? அதனால் பெரிய கேனிலிருந்து சின்னப் புட்டிகளில் பிரித்துக் கொடுப்போம். கேனுக்குள் ரப்பர் குழாயை விட்டு, மறுமுனையை வாயில் வைத்து உறிஞ்ச வேண்டும். மருந்து ஏறி வரும்போது சட்டென்று விரலால் அடைத்துப் புட்டிக்குள் விட வேண்டும். கொஞ்சம் பிசகினால் நாக்கில் படும். துப்பிவிட்டு ஒரு டீ குடித்தால் தீர்ந்தது என்பது எங்கள் வைத்தியம். கையுறை போடச் சொல்லி டப்பாவிலேயே படம் போட்டிருக்கும். அதைப் பார்த்துச் சிரித்தவர்களில் நானும் ஒருவன்.

அந்த வருடங்களில் மாதத்துக்கு ஒரு புதுக் கம்பெனி வரும். சீல் எல்லாம் பளபளவென்று இருக்கும், உள்ளே இருப்பது அசலா போலியா என்று தெரியாது. அதனால் மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்த பிறகுதான் விவசாயிகள் வாங்குவார்கள். தாங்கள் முகர்ந்தது போதாமல் என்னையும் முகரச் சொல்வார்கள். நான் ஒரு சொட்டைப் புறங்கையில் தேய்த்து, மூக்கருகில் வைத்து, "சுத்தமான சரக்கு" என்று சொன்னால் மறுபேச்சு கிடையாது. அதில் எனக்கிருந்தது கொஞ்சநஞ்சக் கர்வமில்லை. பட்டம் வாங்கிய டாக்டர் மாதிரிதான் நடந்துகொள்வேன்.

என் மனைவிக்கு அந்தக் கடையே பிடிக்காது. அவளுடைய அண்ணன்கள் இருவரும் சிங்கப்பூரில் இருந்தார்கள். எனக்கும் அங்கே ஒரு வேலை பார்த்து வைத்திருந்தார்கள். "உங்க சட்டையத் துவைச்சாலே எனக்குத் தலை சுத்துதுங்க. ஊர்ல பாதிப் பேரு போயாச்சு, நீங்களும் போங்க" என்பாள். கடைத்தெருவில் எனக்கிருக்கும் மரியாதையை விட்டுவிட்டு எங்கேயோ போய்ப் பெட்டி தூக்குவதா என்று நான் கத்துவேன். அப்படி ஒரு சண்டையில் அவள், "இதுக்கு உங்க கடை மருந்தையே குடிச்சிட்டுப் போயிடலாம்" என்று சொல்லிவிட்டாள்.

எங்கள் பக்கத்தில் பெண்கள் கோபத்தில் சாதாரணமாகச் சொல்வதுதான். சொல்லி அரைமணி நேரத்தில் அவளே மறந்து குழந்தைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். ஆனால் சொன்னபடி செய்துவிட்டவர்களும் எங்கள் ஊரில் உண்டு. அவர்களில் ஒருவர் குடித்த புட்டி என் கடையில் வாங்கியது. அதனால் அந்த வார்த்தை எனக்குள் தங்கிவிட்டது.

பத்துப் பதினைந்து நாள் போயிருக்கும். மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தேன். முதல் கவளத்தை வாயருகே கொண்டுபோகும்போது மருந்து வாடை அடித்தது. லேசாக இல்லை, மூடி திறந்த கேனுக்குள் முகத்தை வைத்தாற்போல. கூடவே இன்னொன்றும் நடந்தது. இதே தட்டு, இதே வெயில், இதே மாதிரி அவள் கரண்டியுடன் குனிவது, எல்லாம் ஏற்கெனவே ஒருமுறை நடந்திருக்கிறது என்று தோன்றியது. வயிற்றுக்குள்ளிருந்து ஒரு பயம் மேலே ஏறி வந்தது. அரை நிமிடம்தான். பிறகு ரசத்தின் மேல் ஆவி பறக்க, வீடு பழையபடியே இருந்தது. "உனக்கு ஏதும் வாடை தெரியலையா?" என்று கேட்டேன். இல்லை என்றாள்.

அதற்கப்புறம் இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை வந்தது. எப்போது வரும் என்று சொல்ல முடியாது. கடையில் ஒருநாளும் வரவில்லை, வீட்டில் மட்டும்தான் வந்தது. அதுதான் என்னைப் பைத்தியமாக்கியது. அவள் எங்கேயோ ஒரு புட்டியை ஒளித்து வைத்திருக்கிறாள் என்று முடிவுகட்டிவிட்டேன். அவள் குளிக்கப் போன நேரத்தில் அரிசிப் பானைக்குள் தோள்வரை கையை விட்டுத் துழாவினேன். புடவைகளை ஒவ்வொன்றாக உதறினேன். சாமிப் படங்களுக்குப் பின்னால்கூடத் தேடினேன். ஒன்றும் கிடைக்கவில்லை. கிடைக்காமல் போகப் போக, நன்றாகத்தான் ஒளித்திருக்கிறாள் என்று நினைத்தேன்.

ஒரு சாயங்காலம் குழந்தையைத் தூக்கினேன். அவள் தலைமுடியிலிருந்து அந்த வாடை வந்தது. கிணற்றடிக்குத் தூக்கிக்கொண்டு போய் சோப்புப் போட்டுத் தேய்த்தேன். வாடை போன பிறகும் தேய்த்தேன். குழந்தை கண்ணெரிகிறதென்று அழுதாள். மனைவி ஓடிவந்து பிடுங்கிக்கொண்டபோது, "எங்க வச்சிருக்க?" என்று கேட்டேன்.

"எத?"

"மருந்த. எனக்கா, உனக்கா, இல்ல மூணு பேருக்குமா?"

அவள் ஈரக் குழந்தையை அணைத்தபடி என்னைப் பார்த்துக்கொண்டே பின்னுக்கு நகர்ந்தாள். என்னைக் கண்டு அவள் பயந்தது அதுதான் முதல்முறை. மறுநாள் எனக்குச் சோறு போட்டவள், என் தட்டிலிருந்தே ஒரு வாய் எடுத்துத் தின்றுவிட்டுத் தட்டை என் பக்கம் நகர்த்தினாள். அதற்குப் பிறகு தினமும் அப்படித்தான். நானும் வெட்கமில்லாமல், அவள் விழுங்குகிறாளா என்று தொண்டையைப் பார்த்திருந்துவிட்டுச் சாப்பிட்டேன்.

இது எத்தனை நாள் போயிருக்குமோ, தெரியாது. ஒரு காலை, வழக்கமாக வரும் விவசாயி ஒருவர் கடையில் ஒரு புட்டியைத் திறந்து என்னிடம் நீட்டினார். முகர்ந்தேன். ஒரு வாடையும் இல்லை. புறங்கையில் தேய்த்துப் பார்த்தேன், அப்போதும் இல்லை. "போலி. வெறும் தண்ணி. வேற எடுத்துத் தர்றேன்" என்றேன்.

அவர் வாங்கி முகர்ந்தார். முகத்தைச் சட்டென்று திருப்பிக்கொண்டார். "என்னண்ணே சொல்றீங்க? நெடி தூக்குது, கண்ணுல தண்ணி வருது. உங்களுக்குத் தெரியலையா?"

இன்னொன்றைத் திறந்தேன். அதற்கடுத்து இன்னொன்று. மேசைமேல் ஆறேழு புட்டிகள் வாய் திறந்து நின்றன. அந்த மனிதர் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டார். நான் மட்டும் நடுவில் நின்று ஒவ்வொன்றிலும் மூக்கை விட்டு விட்டு எடுத்தேன். ஒன்றுமே இல்லை. மருந்து இருக்கும் இடத்தில் வாடை இல்லை, மருந்தே இல்லாத என் வீட்டில் வாடை இருக்கிறது. அந்த நிமிடத்தில் எனக்கு வந்த பயத்தை இன்றுவரை யாரிடமும் சரியாகச் சொல்ல முடிந்ததில்லை.

கடையைச் சாத்திக்கொண்டு வீட்டுக்குப் போனேன். மனைவியிடம் நடந்ததை அப்படியே சொன்னேன். வேறொருத்தியாக இருந்தால் அன்றைக்கு என்னை உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பாள். அவள், "வாடை வீட்டுல இல்லங்க. உங்க தலைக்குள்ளதான் இருக்கு. கெளம்புங்க" என்றாள். அடுத்த பஸ்ஸில் தஞ்சாவூர்.

டாக்டர் எல்லாவற்றையும் கேட்டார். அரை நிமிட வாடை, ஏற்கெனவே நடந்த மாதிரித் தோன்றுவது, வயிற்றிலிருந்து ஏறும் பயம், ஒவ்வொன்றையும் நான் சொல்வதற்கு முன்பே அவர் கேட்டது எனக்கு வியப்பாக இருந்தது. ஸ்கேன் எடுத்தார்கள். நெற்றிக்குப் பின்னால் மூளையில் ஒரு கட்டி, எலுமிச்சம்பழ அளவு. அது வாடை அறியும் நரம்பை நசுக்குவதால்தான் இருக்கிற வாடை தெரியவில்லை, மூளையைக் கிளறிவிடுவதால்தான் இல்லாத வாடை அடிக்கிறது என்றார். தொழில் என்ன என்று கேட்டார். குழாயை வாயால் உறிஞ்சுவதைச் சொன்னதும் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். கட்டி அதனால்தான் வந்ததா என்று மனைவி கேட்டாள். "இதனாலதான்னு அடிச்சுச் சொல்ல முடியாதும்மா. இல்லைன்னும் என்னால சொல்ல முடியாது. இனிமே அந்தக் கடைக்குள்ள போக விடாதீங்க" என்றார்.

சென்னையில் ஆபரேஷன். நல்ல வேளையாகப் புற்று இல்லை. அந்த வாடை திரும்ப வரவில்லை, வேறு எந்த வாடையும்கூட வரவில்லை. மல்லிகை, மண்ணெண்ணெய் எல்லாம் எனக்கு ஒன்றுதான். கடையை விட்டுவிட்டேன். இப்போது அதே கடைத்தெருவில் நோட்டுப் புத்தகம் விற்கிறேன். எதிரில் மருந்துக் கடை வைத்திருப்பவரிடம் கையுறை போடச் சொன்னால், அன்றைக்கு நான் சிரித்த மாதிரியே சிரிக்கிறார். நானும் விடுவதாக இல்லை.

ஆனால் எனக்கு மறக்காதது ஆபரேஷன் இல்லை. தலைக்கட்டோடு படுத்திருந்த நான்காவது நாள் குழந்தையைக் கூட்டி வந்தார்கள். நர்ஸ் ஒரு டம்ளரில் கஞ்சி கொண்டுவந்து வைத்தார். நான் கையை நீட்டுவதற்குள் என் மகள் கட்டிலில் ஏறி, இரண்டு கையாலும் டம்ளரைப் பிடித்து ஒரு வாய் குடித்தாள். விழுங்கிவிட்டு, வாயைத் திறந்து எனக்குக் காட்டினாள். "ஒண்ணும் இல்லப்பா, குடிங்க" என்றாள்.

என் மனைவி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். நான் அழுதேன். கட்டிக்கு மருந்து காரணமா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஆனால், அப்பாவுக்கு யார் சோறு கொடுத்தாலும் முதலில் நாம் தின்று காட்ட வேண்டும் என்று அந்தப் பிஞ்சு கற்றுக்கொண்டதற்குக் காரணம் நான்தான். அவளுக்கே ஒரு பிள்ளை பிறந்துவிட்ட இன்றும், அவள் எனக்குத் தட்டில் சோறு போட்டு நகர்த்தும்போது அவள் முகத்தை நிமிர்ந்து பார்க்க எனக்குக் கொஞ்சம் நேரம் ஆகிறது.