முடியாத பாட்டு

மகள் அந்தப் பாட்டு நாடகத்தில் சேர்ந்ததிலிருந்து நான் ஓரிடத்தில் நிம்மதியாக உட்கார்ந்ததில்லை. வேலை முடிந்ததும் கிள்ளானிலிருந்து அவளைக் காரில் ஏற்றி பிரிக்பீல்ட்ஸ் மண்டபத்துக்குக் கொண்டுவருவேன். உள்ளே ஒத்திகை நடக்கும். வெளியே நான் வராந்தாவின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்துகொண்டிருப்பேன். உள்ளே போனால் யாராவது பேச்சுக் கொடுப்பார்கள். முன்பின் தெரியாதவர்களிடம் எனக்குப் பேச்சு வராது.

நாடகத்தை இயக்கிய பெண் ஒருநாள் வெளியே வந்தார். "அங்கிள், உங்க செருப்புச் சத்தம் தாளத்தைக் கெடுக்குது லா. உள்ள வந்து திரைக்கயிறைப் புடிங்க" என்றார். சிரிக்காமல்தான் சொன்னார். திரைக்குப் பக்கத்தில் நின்றால் சபைக்கு என் முகம் தெரியாது என்பதால் சம்மதித்தேன். கோயில் திருவிழா மேடைகளில் பல வருடம் கயிறு இழுத்த பழக்கமும் இருந்தது.

அங்கே நின்றபடிதான் அவர் சொல்லும் கதைகளைக் கேட்டேன். வெளிநாட்டு மேடைகளில் ஒரு காலத்தில் கதை நிற்குமாம், பாட்டு வருமாம், பெண்கள் வரிசையாக ஆடுவார்களாம், பிறகு கதை விட்ட இடத்தில் தொடருமாம். எங்கள் திருவிழா நாடகங்களும் அப்படித்தான். கதாநாயகி புடவை மாற்ற நேரம் வேண்டும், அதற்கு ஒரு பாட்டு. பிறகு சிலர் வந்து அதை மாற்றினார்களாம். பாட்டை எடுத்துவிட்டால் கதையே புரியாதபடி எழுதினார்கள். பாட்டுக்குள்ளேயே ஒருத்தி மனம் மாறுவாள். அதற்கும் பிறகு, பேச்சே அநேகமாக இல்லாமல் ஒரு பாட்டு இன்னொரு பாட்டில் போய் விழுகிற நாடகங்கள் வந்தன. நான் ஆறாம் வகுப்போடு நின்றவன். அந்த நாடகங்களின் பெயர்கள் என் வாயில் நுழையவில்லை. விஷயம் மட்டும் புரிந்தது.

எங்கள் நாடகமும் இடைவெளி இல்லாததுதான். என் மகள் அதில் ஓர் ஆஸ்பத்திரித் தாதி. சிங்கப்பூர் வேலைக்குப் போகப் பெட்டி கட்டிக்கொண்டே பாட ஆரம்பிப்பாள். பாட்டின் பாதியில் அவள் மனம் மாறும், பெட்டியைத் திறப்பாள். ஏன் போகவில்லை என்று வேறெங்கும் வசனம் கிடையாது. அந்தப் பாட்டுக்காக அவள் குளியலறையில், காரில், சாப்பாட்டு மேசையில் எல்லாம் முணுமுணுத்தாள். சுபாங் ஜெயா ஆபீசில் கணக்கு எழுதும்போதும் முணுமுணுத்து மேலாளரிடம் பேச்சு வாங்கினாள்.

நாடகம் ஞாயிற்றுக்கிழமை மாலை. தலைமை விருந்தினர், டத்தோ பட்டம் வாங்கிய பெரிய மனிதர், இன்னும் வரவில்லை. நெடுஞ்சாலையில் ஜாம் என்றார்கள். இயக்குநர் காத்திருக்காமல் தொடங்கிவிட்டார். நாடகத்தை ஏற்பாடு செய்த சங்கத்தின் தலைவருக்கு முகம் அப்போதே கறுத்துப்போனது.

மகள் பெட்டி கட்டிக்கொண்டிருந்தாள். போகிறேன் போகிறேன் என்று குரல் ஏறிக்கொண்டிருந்தது. தலைவர் திரை ஓரமாக என்னிடம் வந்தார். கையில் பொன்னாடை.

"தம்பி, திரையை மூடு. டத்தோ வந்துட்டாரு. மாலை போட்டு, ரெண்டு வார்த்தை பேச விட்டுட்டு, திரும்ப ஆரம்பிச்சுக்கலாம்."

எந்த விழாவிலும் அதுதான் வழக்கம். பெரிய மனிதர் வந்தால் பரதநாட்டியமே பாதியில் நிற்கும். நானே எத்தனையோ தடவை கயிறு இழுத்து நிறுத்தியிருக்கிறேன். ஆனால் இப்போது மூடினால் அவள் பெட்டி கட்டியதோடு போய்விட்டவள் ஆகிவிடுவாள். திரும்ப எங்கிருந்து பிடிப்பாள்?

பாட்டு ஓடுகிறது என்று மெதுவாகச் சொன்னேன்.

"பாட்டுதானே, முடிஞ்சதும் மூடு."

"முடியாதுண்ணே."

நான் சொன்னது பாட்டை. அது முடியாது, அடுத்த பாட்டோடு ஒட்டிக்கொண்டு போகும் என்று சொல்ல வந்தேன். அவர் காதில் வேறு மாதிரி விழுந்தது.

"முடியாதா? என்கிட்டயே முடியாதுன்னு சொல்றியா?"

என் வயதுக்கு நான் யாரிடமும் அப்படிச் சொன்னதில்லை. விளக்கியிருக்கலாம். வாய் வரவில்லை என்பது பாதி உண்மை. மீதி, விளக்கினால் அவர் வேறு வழி சொல்வார், நான் தலையாட்டிவிடுவேன் என்ற பயம். அவர் கயிற்றில் கைவைத்தார். நான் அதை என் முன்கையில் சுற்றிக்கொண்டேன். அவர் இழுத்தார், நான் விடவில்லை. மகளின் குரல் என் காதில் வெறும் சத்தமாகத்தான் கேட்டது. பிறகு அவர் கையை எடுத்தார். "உன்னை அப்புறம் பார்த்துக்கறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். டத்தோவை இருட்டில் பக்கவாட்டு நாற்காலி ஒன்றில் உட்கார வைத்தார்களாம். பொன்னாடை எல்லாம் கடைசியில் போட்டார்கள். தலைவர் என் பக்கம் திரும்பவே இல்லை.

திரும்பும் வழியில் கார் ஊர்ந்தது. மகள் செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை நீட்டிக்கொண்டாள்.

"அப்பா, நான் பெட்டியைத் திறக்கறப்ப திரை ஏன் ஆடுச்சு?"

காற்று என்றேன்.

"ஏர்கோன் மண்டபத்துல ஏது காத்து? சரி, எப்படிப் பாடினேன்?"

நல்லா இருந்தது என்றேன். எந்த இடம் என்று கேட்டாள். அதன் பிறகு மறைக்க முடியாமல் நடந்ததைச் சொன்னேன். கயிற்றைச் சுற்றிய முன்கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். சிவந்த தடம் இன்னும் இருந்தது.

"அப்போ நீங்க என் பாட்டைக் கேக்கவே இல்ல."

"பாதி கேட்டேன். போறேன்னு சொன்ன வரைக்கும்."

பின்னால் யாரோ ஹாரன் அடித்தார்கள். நான் காரை நகர்த்தினேன். அவள் கம்மிய தொண்டையைச் செருமிக்கொண்டு, பெட்டியைத் திறக்கும் இடத்திலிருந்து ஆரம்பித்தாள்.