யாரும் மறிக்காத ஆட்டம்

நியூசிலாந்தில், ஒக்லாந்தின் மவுண்ட் ரோஸ்கில்லில் எங்கள் வீட்டின் பின்பக்கம் இரண்டு அறைகளும் ஒரு சிறிய சமையலறையும் கொண்ட தனிப்பகுதி ஒன்று உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கூடைப்பந்துக் கழகம் அதை ஒரு பருவத்துக்கு வாடகைக்கு எடுத்தது. வெளிநாட்டிலிருந்து வரவழைத்த ஆட்டக்காரரைத் தங்கவைப்பதற்காக. வந்தவர் அமெரிக்கர், வயது முப்பத்து நான்கு, உயரம் ஆறடி ஏழங்குலம், கையில் இரண்டு பெட்டிகள். பதினொரு ஆண்டுகளில் இது ஏழாவது நாடு என்றார். துருக்கி, போலந்து, லெபனான் என்று சொல்லிக்கொண்டு போனவர், ஒவ்வொரு நாட்டைப் பற்றியும் ஒரே விடயத்தைத்தான் சொன்னார்: அங்கே ஷவர் எப்படி இருந்தது என்று.

நான் கொழும்பில் ஒரு நாளிதழில் பதினாறு ஆண்டுகள் செய்தி திருத்தியவன். இங்கே பார்ப்பது வேறு வேலை. ஆனாலும் ஒருவருடைய தொழிலை அவர் வாயாலேயே கேட்டு அறியும் பழக்கம் போகவில்லை. அவர் தொழிலை நான் விளங்கிக்கொண்டது இப்படி. உள்ளூர் ஆட்டக்காரர் மோசமாக ஆடினால் அடுத்த வாரமும் ஆடுவார். வெளிநாட்டுக்காரர் இரண்டு வாரம் மோசமாக ஆடினால் விமானம் ஏறுவார். ஓர் அணி இத்தனை வெளிநாட்டுக்காரரைத்தான் வைத்திருக்கலாம் என்று கணக்கு உண்டு. ஆகவே காயப்பட்டவர் குணமாகும்வரை காத்திருக்க ஆள் இல்லை. வீடும் காரும் கழகத்துடையவை. வேலை போகிற நாளில் அவையும் போகும்.

என் மனைவி முதல் நாளே அவரைத் தம்பி ஆக்கிவிட்டாள். வேலிப்பக்கம் நின்று, "தம்பி, சாப்பிட்டீங்களோ?" என்று தமிழிலேயே கேட்பாள். ஒரு வாரத்தில் அவர், "ஓம், அக்கா" என்று பதில் சொல்லப் பழகிவிட்டார். சாப்பிட்டிருக்க மாட்டார். அது அவளுக்குத் தெரியும். புட்டும் கோழிக்குழம்பும் பின்கதவுக்குப் போகும்.

அவர் ஒரே ஒரு திகதியைச் சுவரில் ஒட்டிவைத்திருந்தார். ஜூலையில் ஒரு வெள்ளிக்கிழமை. அன்று அவருடைய அம்மா ஒக்லாந்தில் இறங்குகிறார். அம்மா முப்பத்தோரு ஆண்டுகள் பாடசாலை பஸ் ஓட்டியவர். மகன் வெளிநாடுகளில் ஆடிய காலமெல்லாம் பாடசாலை நடந்துகொண்டிருந்தது. பஸ்ஸை விட்டுவிட்டு வர முடியவில்லை. இந்த ஆண்டுதான் ஓய்வு பெற்றிருந்தார். மகன் சம்பளத்துக்கு ஆடுவதை அவர் ஒருமுறைகூட நேரில் பார்த்ததில்லை. டிக்கெட் எடுத்தாயிற்று. மறுநாள் சனிக்கிழமை, கழகத்தின் சொந்த மண்டபத்தில் ஆட்டம்.

ஜூன் மாதம் அவருடைய கணுக்கால் பிரண்டது. மூன்று வாரம் ஆடக்கூடாது என்றார்கள். கழகம் பத்து நாள் பொறுத்தது. பதினோராம் நாள் காலையில் மேலாளர் வந்து பின்பகுதியில் கால்மணி நேரம் இருந்துவிட்டுப் போனார். மத்தியானம் கழகத்தின் இணையப் பக்கத்தில் அறிவிப்பு வந்தது: இரு தரப்பும் பேசி, மனமொத்துப் பிரிகின்றனவாம். ஐந்து வாக்கியங்கள். நானாக இருந்தால் இரண்டாகக் குறைத்திருப்பேன். இதை அமெரிக்கரிடம் சொன்னேன்.

"எந்த இரண்டு?" என்றார்.

"அவர் காயப்பட்டார். வேறு ஆளை எடுத்திருக்கிறோம்."

அன்று முதல் தடவையாகச் சிரித்தார். பிறகு காரைக் கழுவினார். கதவில் விளம்பரம் ஒட்டிய கார். மாலைக்குள் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

புதிய ஆட்டக்காரர் வியாழக்கிழமை வந்தார். எங்கள் ஆள் பின்பகுதியைக் காலி செய்து, முன்வீட்டு சோபாவுக்கு மாறியிருந்தார். அவருடைய கால்கள் முழங்காலுக்குக் கீழே சோபாவில் அடங்கவில்லை. தன் இடத்துக்கு வந்தவரை அவரே கூட்டிக்கொண்டு போய், ஷவரில் சுடுதண்ணீர் வர எந்தப் பக்கம் எவ்வளவு திருப்ப வேண்டும் என்று காட்டினார். நான் முற்றத்தில் நின்று பார்த்தேன். இருவரும் சண்டை சச்சரவு இல்லாமல், வாடகைக்காரர் வாடகைக்காரரிடம் பேசுவதுபோலப் பேசிக்கொண்டார்கள்.

"அம்மாவுக்குச் சொன்னீங்களா?" என்று கேட்டேன்.

"சொன்னேன். டிக்கெட்டை மாற்ற முடியாதாம். எப்படியும் வருகிறாராம்."

அம்மா வந்தார். டுனிடினில் படிக்கும் மகளின் அறையைக் கொடுத்தோம். சனிக்கிழமை கழகத்தின் ஆட்டத்துக்குப் போக அவர் விரும்பவில்லை. "மற்றவருடைய மகனை வீட்டிலேயே தொலைக்காட்சியில் பார்ப்பேன்" என்றார்.

அன்று சமையலறையில் மனைவி என்னைப் பிடித்துக்கொண்டாள். "இஞ்சேருங்கோ, நாளைக்கு உங்கட ஆக்களோட தம்பி விளையாடட்டுமே. தாய் பாக்கட்டும்."

"எங்கட ஆக்கள் விளையாடுறது விளையாட்டே?"

"உங்களுக்கு வெக்கமெண்டால் நீங்கள் வராதேங்கோ. நான் கூட்டிக்கொண்டு போறன்."

கிளென் ஈடனில் ஒரு பாடசாலை மண்டபத்தை ஞாயிறு பிற்பகல்களில் நாங்கள் எடுத்து ஆடுவது வழக்கம். ஒரு பக்கம் யாழ்ப்பாணத்தார், மறுபக்கம் தமிழ்நாட்டார், நடுவர் ஒரு மலேசியக்காரர். இரு பக்கமும் அவரை நம்புவதில்லை. எல்லோரும் நாற்பதைத் தாண்டியவர்கள். நான் புள்ளி எழுதுபவன். எங்கள் ஆள் முதலில் மறுத்தார். அம்மா பார்க்க வந்தது தன் வேலையை, இது வேலையில்லை என்றார். அம்மா ஒன்றுதான் கேட்டார்: "எத்தனை மணிக்கு?"

அந்த வாரம்தான் அவரை மெதுவாக ஓட அனுமதித்திருந்தார்கள். எனவே நான் எங்கள் குழுவுக்கு ஒரு செய்தி போட்டேன்: 'அவருடைய தாய் வருகிறார். கால் முழுதாகச் சரியில்லை. கவனம்.' அதோடு நிறுத்தியிருக்க வேண்டும். 'நம் விருந்தாளிகள்' என்றும் சேர்த்துவிட்டேன்.

மண்டபத்தில் தமிழ்நாட்டு அணித் தலைவர், ஒரு கணக்காளர், என் மேசைக்கு வந்தார். "கவலைப்படாதீங்க சார். யாரும் கிட்டயே போக மாட்டாங்க. அம்மா சந்தோஷமாப் போகணும்."

யாழ்ப்பாண அணித் தலைவர் மருத்துவமனையில் ஆண் தாதி. நாற்பத்தெட்டு வயது, பாடசாலை அணிக்கு ஆடியவர், இப்போது வயிறு முன்னே போகும். "ஓம், ஓம். மனிசன் ஆசைக்கு அடிக்கட்டும்" என்றார். இந்த இருவரும் எதிலாவது ஒத்துப்போய் நான் கண்டதில்லை.

நாணயம் சுண்டியதில் அமெரிக்கர் தமிழ்நாட்டாருக்குப் போனார். அவர் பந்தோடு வந்தால் யாழ்ப்பாணத்தார் கதவு திறப்பதுபோல இரண்டு பக்கமும் விலகினார்கள். அவர் நடந்துபோய்க் கூடைக்குள் வைத்தார். ஒருமுறை எதிரணிக்காரர் ஒருவர் கீழே விழுந்த பந்தை எடுத்து, இரு கைகளாலும் அவரிடமே நீட்டினார். ஏழு நிமிடத்தில் பதினெட்டுப் புள்ளி எழுதினேன். அவர் முகம் வர வர இறுகியது. அம்மா கைகளைக் கட்டிக்கொண்டு இருந்தார்.

பிறகு எழுந்தார். பஸ்ஸின் பின்வரிசைப் பிள்ளைகளை அடக்கிய குரல் அது, மண்டபம் நின்றுவிட்டது.

"என் மகனை ஏன் யாரும் மறிக்கவில்லை? அவனுக்குத் தொற்றுநோயா?"

அவர் நேரே என் மேசைக்கு வந்தார். "நீங்கள் சொல்லிவைத்தீர்களா?"

"ஆம்" என்றேன். "மரியாதைக்காக."

"நான் இவ்வளவு தூரம் பறந்து வந்தது அவன் நடப்பதைப் பார்க்கவா? நடக்கக் கற்றுக்கொடுத்ததே நான்தான்."

தாதி இதைக் கேட்டுக்கொண்டு நின்றார். தன் ஆட்களைப் பார்த்து, "மச்சான்மார், மனிசி சொல்லுறது ஞாயம். இனி ஆளைப் பிடியுங்கோ" என்றார். கணக்காளர் பதறினார். "சார், கால் சார்! கால்!"

"கால் அவற்ர கால். அவர் பாத்துக்கொள்ளுவார். நீர் உம்மட வேலையைப் பாரும்."

அடுத்த முறை அவர் பந்தோடு வந்தபோது, தாதி வயிற்றால் முட்டி நின்றார். இன்னொருவர் பனியனைப் பிடித்தார். மலேசியக்காரர் விசிலை வாயில் வைத்துக்கொண்டு ஊதவில்லை. பந்து வளையத்தில் பட்டு வெளியே போனது. அதற்கடுத்ததும் போனது. மூன்றாவதை ஒருவர் அவர் கையிலிருந்தே தட்டிப் பறித்தார். "அப்பிடிப் போடு!" என்று தாதி கத்தினார். அமெரிக்கருடைய முகத்தில் எங்கள் வீட்டில் நான் ஒருபோதும் காணாத ஒரு கோபம் வந்தது. அது அழகாக இருந்தது. தாதியிடம் ஏதோ சொன்னார். தாதி, "வாரும், வாரும் பாப்பம்" என்றார். இருவருக்கும் விளங்கியது.

அதன்பின் நான் கண்டதுதான் அவருடைய தொழில். தோளால் ஒருவரைத் திருப்பி, இடக்காலில் சுழன்று, மூன்று பேருக்கு மேலாக எழும்பினார். இறங்கியது காயப்பட்ட கணுக்காலில். எல்லோரும் உறைந்தார்கள். கணக்காளர் தலையில் கை வைத்தார். அம்மா மட்டும் பதறவில்லை. மகன் இரண்டு தடவை காலை உதைத்துப் பார்த்துவிட்டு, ஓடித் தன் இடத்துக்குப் போனார். பந்து வலைக்குள் போயிருந்தது. நான் எழுத மறந்துவிட்டேன். பக்கத்தில் இருந்த மனைவி முழங்கையால் இடித்தாள்.

யாழ்ப்பாணத்தார் இரண்டு புள்ளியால் வென்றார்கள். அதைப் பற்றிக் கணக்காளர் இன்னமும் முறையிடுகிறார்.

திரும்பும்போது மகன் முன்இருக்கையில், காலில் ஐஸ் பையோடு. பின்னால் மனைவியும் அம்மாவும். முதல் சிக்னல் தாண்டியதும் அம்மா தொடங்கினார். இடக்கை சோம்பேறித்தனம் பண்ணுகிறது. பதினைந்து வயதிலும் அப்படித்தான். கையில் இருந்த பந்தைப் பறிகொடுத்தது வெட்கம். கடைசித் தடவை பந்து வந்தபோது பாஸ் கொடுத்திருக்க வேண்டும். மூலையில் ஒருவர் தனியாக நின்றார்.

"அவர் அறுபது கிலோ, அம்மா. கண்ணாடியும் போட்டிருந்தார்."

"தனியாக நின்றார்."

வேலை போன நாளிலிருந்து எதற்கும் அளந்தே பேசியவர், உடம்பை முழுதாகப் பின்னால் திருப்பிக்கொண்டு வாதாடினார். சீட்பெல்ட் கழுத்தை இறுக்கியதையும் கவனிக்கவில்லை. வீட்டு வாசலில் காரை நிறுத்தி, இயந்திரத்தை அணைத்தேன். இருவரும் இறங்கவில்லை. மனைவி கதவைத் திறந்து, "அவை ரெண்டு பேரும் கதைக்கட்டும், நீங்கள் வாங்கோ" என்றாள்.