சரிவில் நின்ற வண்டி

டாபே ராமுக்கு ஓரிடத்தில் உட்காரத் தெரியாது. ஷில்ஹா கிராமத்தின் குடிநீர்க் குழாய்களைப் பழுது பார்ப்பவன் அவன். பனியில் வெடித்த குழாயைத் தேடி மலை ஏறி இறங்குவதே பிழைப்பு என்பதால், கால் ஓயாதது தொழில் கோளாறு என்றுதான் ஊரில் நினைத்தார்கள். ஆனால் போன ஜனவரிக்குப் பிறகு ஆள் மோசமாகிவிட்டான். சாப்பிடும்போது பாதியில் எழுந்து வெளியே போய்ப் பாதையைப் பார்த்துவிட்டு வருவான். ரொட்டி ஆறிப்போயிருக்கும்.

அந்த ஜனவரியில் அவன் மனைவி சுனேருவுக்கு வலி கண்டபோது, ஊரில் வண்டி வைத்திருந்த இரண்டு பேரில் ஒருவர் கல்யாணத்துக்குப் போயிருந்தார். இன்னொருவர் பனியைக் காட்டிக் கையை விரித்துவிட்டார். நாலு பேர் கட்டிலோடு அவளைத் தூக்கிக்கொண்டு கீழே பஞ்சார் ஆஸ்பத்திரிக்கு இறங்கினார்கள். பாதி வழியில் குழந்தை பிறந்தது. அழவில்லை. அதற்காக யாரும் டாபேயை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவனுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

இப்போது சுனேரு மறுபடியும் முழுகாமல் இருந்தாள். கணக்குப் பார்த்தால் இதுவும் பனிக்காலத்தில்தான் வந்து நின்றது. ஆப்பிள் விற்ற காசு, அவள் சால்வை நெய்து சேர்த்தது, ஒரு பசுமாடு எல்லாம் சேர்த்து மூன்று லட்சம் தேறியது. அதற்குள் ஒரு வண்டி வேண்டும். டீசல் வண்டி, உயரமான வண்டி, அவள் கால் நீட்டிப் படுக்க இடமுள்ள வண்டி.

மச்சினன் புத்தி சிங்கை இழுத்துக்கொண்டு டாபே ஊர் ஊராக அலைந்தான். பத்து வருஷம் முடிந்ததால் டெல்லியில் ஓட்டக்கூடாதென்று ஆன டீசல் வண்டிகளெல்லாம் சண்டிகரில் விற்பனைக்கு வரிசையாகக் காத்துக் கிடந்தன. அவன் வண்டிக்கு அடியில் படுத்தான், காலடி விரிப்பைத் தூக்கி மோந்து பார்த்தான், எண்ணெய் மூடியைத் திறந்து புகை வருகிறதா என்று குனிந்தான். எல்லாவற்றுக்கும் முதலில் பானெட்டைத் தொட்டுப் பார்த்தான். சூடாக இருந்தால் திரும்பி நடந்துவிடுவான்.

"ஏன் ஜீஜா, வண்டிக்குக் காய்ச்சலா?" என்று அக்கா புருஷனைக் கேட்டான் புத்தி சிங்.

"நாம வர்றதுக்கு முன்னாடியே ஓட்டிச் சூடாக்கி வெச்சிருக்கான். காலைல குளிர்ல கிளம்பாத வண்டிய நம்ம தலைல கட்டப் பாக்குறான்."

"பொண்ணு பாக்கப் போனப்பக் கூட நீ இவ்வளவு பாக்கல."

"அப்ப உன் அக்கா என்னப் பாத்தா. நான் எங்க பாத்தேன்?"

கடைசியில் தேடிய வண்டி பக்கத்துப் பள்ளத்தாக்கிலேயே கிடைத்தது. லோத் ராம் என்ற பழைய டிரைவர் கண் மங்கியதால் விற்கிறாராம். விடியற்காலையில், சொல்லாமல் கொள்ளாமல் போய் நின்றான் டாபே. வெள்ளை வண்டி, வீட்டுக்கு மேலே சரிவில் மூக்கைக் கீழே வைத்து நின்றது. பானெட்டில் பனித்துளி உறைந்திருந்தது. கை வைத்தான், சில்லென்றிருந்தது. மனசுக்குள் பால் வார்த்தது போலிருந்தது.

"ஓட்டிப் பாருங்க பாயி. நான் சொல்றதுக்கு ஒண்ணுமில்ல" என்றார் லோத் ராம்.

டாபே சாவியைத் திருப்பினான், பிரேக்கை விட்டான். வண்டி தானாக உருண்டது. இரண்டாவது கியரில் போட்டுக் கிளட்சை விட்டதும் உறுமிக்கொண்டு உயிர் பிடித்தது. குளிர்ந்த இன்ஜின், ஒரே உருட்டில் எழுந்துவிட்டது. பின்சீட்டில் இருந்த புத்தி சிங்கும் தலையாட்டினான்.

அந்த மலையில் பனிக்காலத்தில் வண்டியைக் கிளப்புவது அப்படித்தான். பேட்டரியை வீணாக்காமல் சரிவில் நிறுத்துவதும், காலையில் உருட்டிவிட்டு ஏறிக்கொள்வதும் பல் துலக்குவது மாதிரி ஒரு பழக்கம். சமவெளிக்காரன் ஒருவன் கூட இருந்திருந்தால், ஸ்டார்ட்டரை ஒரு தடவை போட்டுக் காட்டு என்று கேட்டிருப்பான். சண்டிகரையே சந்தேகப்பட்டவனுக்கு அந்தச் சரிவைச் சந்தேகப்படத் தோன்றவில்லை.

பணத்தைக் கொடுத்துவிட்டுத் திரும்பும் வழியில் பெட்ரோல் பங்கில் நிறுத்தினான். டீசல் போட்டு, அங்கே ஒருவரிடம் வண்டியைப் பற்றி வெகுநேரம் பெருமையடித்துவிட்டு வந்து சாவியைத் திருகினால், வண்டி முனகியது. மறுபடி திருகினான். மறுபடி முனகல். பங்கின் தரை தட்டு மாதிரி சமமாக இருந்தது. ஆறேழு பேர் சேர்ந்து தள்ளினார்கள்.

வழியில் காட்டிய மெக்கானிக் இன்ஜின் சத்தத்தைக் கேட்டுவிட்டு உதட்டைப் பிதுக்கினான். "உள்ள தேய்ஞ்சு போச்சு. புது பேட்டரி போட்டாலும் சூடு ஆறிட்டா தானா எந்திரிக்காது. பிரிச்சா வண்டி விலைல பாதி ஆகும். தள்ளினா ஓடும், ஓட்டம் நல்லாருக்கு."

"அக்காகிட்ட சொல்லிராத" என்றான் டாபே மச்சினனிடம்.

அன்றிலிருந்து டாபேயின் உலகம் சரிவுகளால் ஆனது. எங்கே சரிவு இருக்கிறதோ அங்கேதான் டீ. சமதளத்தில் இருக்கும் சொந்தக்காரர்கள் வீட்டுக்குப் போவதை நிறுத்திவிட்டான். நாள்தோறும் விடியுமுன் எழுந்து, வண்டி உருள வேண்டிய பாதையில் பனி கிடக்கிறதா என்று பார்க்க ஓடுவான். ஆச்சரியமாக, பாதை எப்போதும் பனி வாரிச் சுத்தமாக இருக்கும். புத்தி சிங்குக்கு இவ்வளவு பொறுப்பா என்று நினைத்துக்கொள்வான். மச்சினன்மேல் பாசம்கூட வந்தது. ஆனால் பயம் போகவில்லை. சுனேரு புரண்டு படுத்தாலே இவன் செருப்பைத் தேடினான்.

வலி கண்டது ஒரு காலை நேரத்தில், அடுப்பில் டீ கொதிக்கும்போது. புத்தி சிங்கும் பக்கத்து வீட்டுப் பெண்களும் அவளைப் பின்சீட்டில் ஏற்றினார்கள். டாபே ஏறிப் பிரேக்கில் கை வைத்தான். விட்டான். உருண்டது. கிளட்சை விட்டான், இன்ஜின் பிடித்துக்கொண்டது. வழுக்காமலிருக்கச் சக்கரத்தில் சுற்றிய சங்கிலி பனியைக் கடிக்கக் கடிக்க, போன வருஷம் கட்டிலை இறக்கி வைத்த வளைவைத் தாண்டினார்கள்.

பஞ்சார் ஆஸ்பத்திரி வாசல் பரந்த சமதளம். அவளை உள்ளே கொண்டுபோன டாக்டரம்மா, "பாக்கலாம். தேவைப்பட்டா குலு பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பணும், ஆம்புலன்ஸ் வேற ஒரு கேஸுக்குப் போயிருக்கு, வண்டி இருக்கில்ல?" என்று கேட்டார்.

"இருக்கு" என்றான் டாபே. சொல்லிவிட்டு ஓடி வந்து வண்டியில் ஏறி உட்கார்ந்துவிட்டான். இன்ஜினை அணைக்கவில்லை.

நேரம் போனது. காவல்காரர் வந்து கண்ணாடியைத் தட்டினார்.

"என்னய்யா, டீசல் கிணறு வெட்டி வெச்சிருக்கியா? புகை வார்டுக்குள்ள போகுது."

டாபே வண்டியைக் கொஞ்சம் தள்ளி நிறுத்தினான். அணைக்கவில்லை. புத்தி சிங் வந்து உள்ளே கூப்பிட்டான். போகவில்லை. டீசல் முள் இறங்குவதையும் ஆஸ்பத்திரிக் கதவையும் மாறி மாறிப் பார்த்தான். உள்ளே அவள் கத்துவது கேட்டபோது ஆக்சிலேட்டரை மிதித்தான். அவனால் முடிந்த உதவி அதுதான். பிறகு அவள் சத்தம் நின்றது. அவன் மிதித்த காலை எடுக்கவில்லை.

நர்ஸ் வெளியே வந்தாள். "பொண்ணு. அழுத அழுகைல காது அடைச்சிருச்சு. அம்மாவும் நல்லாருக்கா. வாங்க."

"குலுவுக்கு?"

"எதுக்கு? எல்லாம் நல்லாத்தான இருக்கு."

"டாக்டரம்மா ஒரு தடவ சொல்லட்டும். நான் இங்கயே இருக்கேன்."

நர்ஸ் தலையில் அடித்துக்கொண்டு உள்ளே போனாள். திரும்பி வரும்போது சிரிப்பை அடக்கிக்கொண்டு வந்தாள்.

"உங்க வீட்டம்மா சொல்லச் சொன்னது. வண்டிய அணைச்சிட்டு உள்ள வரணுமாம். பங்குல தள்ளினவங்கள்ல ஒருத்தன் அவங்க சித்தி பையனாம். வண்டி வந்த அன்னிக்கே தெரியுமாம். தினம் பனி வாரினது பக்கத்து வீட்டுப் பொம்பளைங்க, அவங்க சொல்லித்தானாம்."

டாபே புத்தி சிங்கைப் பார்த்தான். புத்தி சிங் வேறு பக்கம் பார்த்தான்.

"தெரிஞ்சும் ஏன் சொல்லல?"

"அதையும் சொல்லச் சொன்னாங்க. தனக்குத் தெரியும்னு தெரிஞ்சா அந்த மனுஷன் அந்தக் கொஞ்சத் தூக்கமும் தூங்க மாட்டான்னாங்க."

டாபே ஸ்டியரிங்மேல் நெற்றியை வைத்துக்கொண்டான். ஒரு வருஷமாக வராத அழுகை வந்தது. மூக்கைத் துடைத்துக்கொண்டு, தட்டு மாதிரி கிடந்த அந்தத் தரையில், சாவியைத் திருப்பி வண்டியை அணைத்தான். ஆஸ்பத்திரிக்குள்ளிருந்து அதுவரை இன்ஜின் சத்தத்தில் அவனுக்குக் கேட்காமல் இருந்தது கேட்டது. அவன் மகள் இன்னும் அழுதுகொண்டிருந்தாள்.