தோளில் இருந்த கை

புதுப் பந்துக்கு அம்மன் சன்னதியில் கற்பூரம் காட்டினார்கள். அந்தப் புகை மூக்கில் ஏறியதும் எனக்கு அப்பா காலத்துப் போட்டாதாங் துறைமுகப் பேட்டை நினைவுக்கு வந்துவிட்டது.

அப்பாவும் கூட்டாளிகளும் படகுத்துறையில் அரிசி மூட்டை சுமந்தவர்கள். ஞாயிறானால் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு அவர்கள்தான் எங்கள் பந்தாட்டக் கிளப். வேர்வையும் ஆற்றுச் சேறும் மணக்கக் கோயிலுக்கு வந்து, பந்தை அம்மன் காலடியில் வைத்துத் திருநீறு பூசுவார்கள். வாசலில் நிற்கும் கோல்கீப்பர் காதர் மாமா கைக்குத்தான் அது முதலில் போக வேண்டும். அப்படிப் போகாத பந்தை யாரும் உதைக்க மாட்டார்கள்.

"திருநீறைக் கொஞ்சமாப் பூசுங்கப்பா, வழுக்குது," என்பார் மாமா.

"புடிக்கத் தெரியாதவனுக்குத் திருநீறு மேல பழியா?" என்பார் அப்பா.

இன்று கிளப்பின் ஆண்டுவிழா. அப்பா காலத்து அணிப் படத்தைப் பெரிதாக்கிக் கோயில் சுவரில் மாட்டியிருக்கிறார்கள். ஓரத்தில் நின்ற காதர் மாமாவைக் காணோம். அப்பாவின் தோளில் அவர் போட்ட கை மட்டும் இருக்கிறது.

செயலாளரைக் கேட்டேன்.

"கோயில்ல முஸ்லிம் படம் இருந்தா நாலு பேரு கேப்பாங்கண்ணே. அதான் வெட்டிட்டோம்."

அம்மனை வேண்டிய வாயில் கெட்ட வார்த்தை வந்துவிடக் கூடாதென்று பல்லைக் கடித்தேன். அம்மன் கேட்காததைக் கேட்க இவர்கள் யார்?

மூத்தவன் என்று பந்தை என் கையில்தான் கொடுத்திருந்தார்கள். வாசலில் ஆட்டக்காரர்கள் காத்திருந்தார்கள். நான் திரும்பிப் போய் அதை அம்மன் காலடியிலேயே வைத்தேன்.

"அண்ணே, ஆட்டம்?"

"மொதல்ல மாமா படத்துக்குள்ள திரும்பி வரட்டும். அப்புறம் பந்து வெளிய வரும்."