பெட்டியில வளர்ந்த சேவல்

வண்டியில குஞ்சு விக்க வந்தவன், "எல்லாம் பொட்டைதாம்மா, முட்டை வெச்சுத் தள்ளும்"னு சத்தியம் பண்ணான். அவன் வாயில மண்ணு விழ! நைட் ஷிப்ட்டு பாக்குற மனுசன் ஊட்டு முட்டை சாப்புடட்டுமேன்னு நானும் வாங்கினேன். முந்தின நாள் பொறிச்ச குஞ்சுங்க.

கும்மிடிப்பூண்டியில எங்களுது லைன் ஊடு, ஒரே ரூம்பு. டி.வி. வந்த அட்டைப்பெட்டியில உமி கொட்டி, மேல குண்டு பல்ப கயித்துல தொங்கவுட்டோம். எங்க ஊட்டுக்காரர் கம்பி கம்பெனியில உலை சூட்டுல நிக்கிறவரு. காலையில வந்தா நாஷ்டாகூட வேணாம், மொதல்ல பெட்டிக்குள்ள கைய வுடுவாரு. குஞ்சுங்க பல்புக்குக் கீழ ஒண்டிக்கினு நின்னா குளுருதுன்னு கயித்த எறக்குவாரு. ஓரத்துக்கு ஓடி வாயத் தொறந்துக்கினு நின்னா ஏத்துவாரு. பின்னாடி எச்சம் காஞ்சு ஒட்டிக்கினா வெந்நீல பஞ்சு நனைச்சுத் தொடைப்பாரு. "யோவ், எனக்கு ஜுரம் வந்தப்ப நெத்தியத் தொட்டுப் பாத்தியா?"ன்னு கேட்டேன். "உனக்கு வாய் இருக்குது, சொல்லுவ. அதுங்க இன்னா பண்ணும்?"ன்னாரு.

கழிச்சல் வந்து ஒண்ணொண்ணா செத்துப்போச்சு. மிஞ்சினது ஒண்ணே ஒண்ணு. அது வளந்து ஒருநாள் வாசல்ல நின்னு கூவிச்சு பாருங்க, எனக்கு சிரிப்பு ஒரு பக்கம், ஆத்திரம் ஒரு பக்கம். முட்டையாம் முட்டை!

பகல்ல தூங்குற மனுசன் இருக்குற ஊட்டுல சேவல் பெரிய பேஜாரு.  அவரு திடீர்னு தினம் ஓ.டி.ன்னு சொல்லி மத்தியானம் வர ஆரம்பிச்சாரு. கண்ணு ரெண்டும் செவந்து கெடக்கும்.

பக்கத்து ஊட்டு அக்காதான் சொன்னாங்க, "உன் ஊட்டுக்காரர ரயில் டேசன்ல பாத்தேன், பெஞ்சுல படுத்துக்கினு இருக்காரு"ன்னு. போய்ப் பாத்தா, சாப்பாட்டுப் பைய தலைக்கு வெச்சுக்கினு படுத்திருக்காரு. கூட்ஸ் வண்டி போற சத்தத்துல புரண்டு புரண்டு படுக்குறாரு.  தட்டி எழுப்பினா, "சேவல் கூவுது, தூக்கம் வரலன்னு சொன்னா நீ அத்த அனுப்பிடுவ"ன்னாரு.

அனுப்பாம? உலை கிட்ட கண்ணு அசந்தா மனுசன் மிஞ்சுவாரா? மறுநாளே ஆரம்பாக்கத்துல இருக்குற எங்க அண்ணன வரச்சொல்லி சேவலக் குடுத்தனுப்பினேன். அறுக்காதன்னு சொல்லணும்னு எனக்குத் தோணவே இல்ல.

அப்புறம் நல்லாத்தான் தூங்கினாரு. கொறட்டை வுட்டுத் தூங்கினாரு. எனக்கும் நிம்மதி.

ஆடி மாசம் அண்ணன் ஊர்ல கூழு ஊத்துனாங்க. மறுநாள் தூக்குவாளில குழம்பு எடுத்துக்கினு அண்ணன் வந்தாரு. "உங்க சேவல்தான், கறி நல்லா கெட்டி"ன்னு சிரிச்சாரு. அவரத் திட்டி இன்னா ஆவப்போவுது? சேவலக் குடுத்தா வேற இன்னா செய்வாங்க? வாளிய அப்படியே பக்கத்து ஊட்டு அக்கா கிட்ட குடுத்துட்டு ரசம் வெச்சேன். எங்க ஊட்டுக்காரரு தூங்கி எழுந்து, ரசத்த ஊத்திப் பெசஞ்சுக்கினே, "வர்ற ஞாயித்துக்கெழம நம்ம சேவலப் பாத்துட்டு வரலாமா?"ன்னாரு. அப்பவே சொல்லிருக்கலாம். "பாக்கலாம்"னேன். 

ஞாயித்துக்கெழம காலையில ஷிப்ட்டு முடிச்சு வந்தவரு படுக்கல. குளிச்சு, இஸ்திரி போட்ட சட்டை மாட்டிக்கினு நிக்கிறாரு. கையில ஒரு பை, உள்ள சேவலுக்குப் போட கம்பு தானியம். "இன்னாம்மே, இன்னும் கெளம்பலையா? வண்டிக்கு நேரமாச்சு"ன்னாரு.

அப்பதான் சொன்னேன்.

என்னத் திட்டல. அண்ணனையும் திட்டல. பைய கீழ வெச்சுட்டு, அந்த சட்டையோடவே பாயில போய் செவுத்தப் பாத்துப் படுத்துக்கினாரு. ஊடு அவ்வளவு அமைதியா இருந்துச்சு. சாயந்தரம் ஷிப்ட்டுக்கு எழுந்துக்குற வரைக்கும் கொறட்டைச் சத்தம் மட்டும் வரவே இல்ல.