அண்ணன் வெட்டிக் கொடுத்த கொழுஞ்சி

எங்கள் அண்ணன் மறைந்து ஓராண்டு நிறைகிறது. இந்த மலரைக் கையில் வாங்கியவர்கள் முதலில் அட்டைப் படத்தைப் பார்த்துத் திகைத்திருப்பீர்கள். தலையில் துண்டு, முகமெல்லாம் உப்பு, வாந்தி எடுத்து ஓய்ந்துபோன கண்கள். நினைவு மலரில் போடுகிற படமா இது என்று எங்கள் பெரியப்பா கோபித்துக்கொண்டார். ஸ்டூடியோவில் எடுத்த நல்ல படம் வீட்டில் இருக்கத்தான் செய்கிறது. அண்ணிதான் இதுவே இருக்கட்டும் என்று பிடிவாதமாகச் சொல்லிவிட்டார். அவர் சொன்னது சரி என்று உங்களுக்கும் தோன்ற வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

அண்ணன் பிறந்தது ஐயம்பேட்டையை ஒட்டிய எங்கள் சொந்த ஊரில். ஏரிக்குக் கீழே கொஞ்சம் நஞ்சை, மேட்டில் கொஞ்சம் புஞ்சை, அவ்வளவுதான் குடும்பச் சொத்து. அவர் பத்தாவது படிக்கும்போது வரப்பில் பாம்பு கடித்து அப்பா இறந்தார். நான் அப்போது ஐந்தாவது. அம்மா இடிந்து உட்கார்ந்துவிட்டார். காரியம் முடிந்த மறுநாள் அண்ணன் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு மடை திறக்கப் போனார். பிறகு பள்ளிக்கூடத்தின் பக்கமே போகவில்லை. நான் பட்டம் வாங்கி, ஏனாத்தூரில் ஒரு கல்லூரி அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தது வரைக்கும் எல்லாம் அவர் உழைப்பு. உயிரோடு இருக்கும்போது இதை அவரிடம் ஒரு தடவைகூட நான் சொன்னதில்லை. சண்டை போடத்தான் எனக்கு நேரம் இருந்தது.

நிலம் மட்டும் சோறு போடாது என்று தெரிந்ததும் சிறிய சரக்கு வண்டி ஒன்று வாங்கினார். பெரிய காஞ்சிபுரத்துப் பட்டுக் கடைகளுக்கு நூல் மூட்டையும் சேலைப் பெட்டியும் ஏற்றுவார். அண்ணி வந்தார், ஒரு மகளும் ஒரு மகனும் பிறந்தார்கள். இப்படி எல்லோரையும் போலப் போய்க்கொண்டிருந்த வாழ்க்கைக்குள் கடல் வந்தது ஒரு வைகாசி மாதத்தில்.

எங்கள் புஞ்சையில் முன்பின் தெரியாத இருவர் குனிந்து எதையோ பிடுங்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நிலத் தரகர்கள் என்று நினைத்து அண்ணன் விறைப்பாகப் போனார். நானும் வேடிக்கை பார்க்கப் பின்னாலேயே போனேன்.

"இன்னா தேடறீங்க?"

"கொழுஞ்சி தம்பி. எங்க பக்கம் பூரா பிளாட்டு போட்டுட்டான். மருந்துக்குக்கூட ஒரு செடி இல்ல."

"உரத்துக்கா?"

"மீனுக்கு."

அண்ணன் சிரித்துவிட்டார். "மீனு இன்னா, தழை திங்குமா?"

"திங்காது தம்பி. முட்டை வுடும்."

அப்படிச் சொன்னவர் தேசப்பன். மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு மீனவர் குப்பத்தைச் சேர்ந்தவர், அண்ணனைவிட ஏழெட்டு வயது மூத்தவர். கூட இருந்தவர் அவருடைய மச்சினன் சேகர். கோலா என்று ஒரு மீன் உண்டு, தண்ணீருக்கு மேலே பறக்கும். வைகாசியிலும் ஆனியிலும் கரை கண்ணுக்கு மறைகிற ஆழக் கடலில் கூட்டமாக வரும். படகை நிறுத்திவிட்டு, கொழுஞ்சியைக் கட்டுக்கட்டாகக் கயிற்றில் பிணைத்துத் தண்ணீரில் மிதக்கவிடுவார்கள். முட்டை ஒட்டவைக்க இடம் தேடுகிற கோலா அந்தத் தழைக்குள் நுழையும். அப்போது கைவலையால் அள்ளவேண்டியதுதான். நம் வயலில் மிதித்து உழுகிற செடிக்கு இப்படி ஒரு வேலை இருக்கிறதா என்று அண்ணனுக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. அன்றே வண்டி நிறைய வெட்டி, செங்கல்பட்டு வழியாகக் கொண்டுபோய் இறக்கினார். வாடகை வேண்டாம், மீன் கொடுங்கள் போதும் என்றார்.

அன்று தொடங்கியதுதான். அதன் பிறகு எங்கள் வீட்டுக்கு மாதம் தெரிந்ததே மீனால்தான். ஐப்பசி, கார்த்திகையில் கடல் கொந்தளிக்கும், வண்டி வெறுமையாக வரும். தை, மாசியில் கரையோர வலையில் விழுந்த நண்டும் இறாலும் வரும். சித்திரையில் பெரிய விசைப்படகுகளுக்குத் தடை. அந்த நாட்களில் காஞ்சிபுரம் மார்க்கெட்டில் வஞ்சிரத்தைக் கண்டால் அண்ணன் சும்மா வரமாட்டார். "இது ஐஸ்ல பொங்கல் கொண்டாடின மீனுபா" என்று கடைக்காரர் காதில் விழும்படியே சொல்வார். கோலா வந்துவிட்டால் அண்ணிக்கு ஓய்வே கிடையாது, தெரு முழுக்கப் பங்கு போகும். மீன் ஏற்றிய மறுநாள் புளித்தண்ணீர் விட்டு வண்டியைத் தேய்த்துக் கழுவுவார். அப்படியும் ஒரு பட்டுக் கடை முதலாளி, முகூர்த்தச் சேலையில் கவுச்சி வாடை வருகிறது என்று வண்டியை நிறுத்திவிட்டார். அண்ணன் வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை. வருத்தப்பட்டது நான்தான். அந்தக் கடலால் நமக்கு என்ன லாபம் என்று வீட்டில் கத்தினேன்.

இப்படிப் பல வருடங்கள் போன பிறகு அந்தத் தவறு நடந்தது. இதை நினைவு மலரில் எழுதலாமா என்று சிலர் கேட்டார்கள். எழுதாவிட்டால் அண்ணனைப் பற்றி எழுதியதாகவே ஆகாது.

அந்த வருடம் கோடை மழை ஏமாற்றிவிட்டது. எங்கள் புஞ்சையில் கொழுஞ்சி முழங்கால் உயரம்கூட வரவில்லை. அண்ணன் தேடிப் போய், வெளியூர்க்காரர் ஒருவருடைய தரிசில் செழித்துக் கிடந்ததைப் பார்த்து வெட்டிக் கொடுத்தார். யாரும் தடுக்கவில்லை, கேட்பதற்கும் ஆள் இல்லை. மூன்று படகுகள் அந்தக் கட்டுகளோடு ஆழக் கடலுக்குப் போயின. இரண்டு நாள் கிடந்து வெறுங்கையோடு திரும்பின. அதே தண்ணீரில் வேறு குப்பத்துப் படகுகள் நிரம்பி வந்தன.

நான்கைந்து நாள் கழித்து அண்ணன் அந்தத் தரிசு வழியாக வந்தார். வெட்டாமல் விட்ட கொழுஞ்சியெல்லாம் கருகிக் கிடந்தது. பக்கத்துத் தோப்புக் காவலரை விசாரித்தார். சவுக்கு நடுவதற்காக முழுத் தரிசுக்கும் களைக்கொல்லி அடித்திருக்கிறார்கள். அடித்த மறுநாள் காலையில், தழை வாடுவதற்கு முன்னால், அண்ணன் அரிவாளோடு போயிருக்கிறார். மீன் வராததற்கு அதுதான் காரணமா என்று உறுதியாகச் சொல்ல யாராலும் முடியாது. ஆனால் அண்ணன் அன்று வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் உட்கார்ந்திருந்த கோலம் எனக்கு இன்னும் மறக்கவில்லை.

"சொல்லாத ணா," என்றேன் நான். "யாருக்கும் தெரியாது. தண்ணி மாறிப்போச்சுன்னு அவங்களே நெனச்சிக்கினு இருப்பாங்க. நீ போய் ஏன் மாட்டிக்கிற?"

"தண்ணி மாறிச்சுன்னு அவங்க நெனைக்கலமா," என்றார். "சேகர் மேல பழி போட்டுட்டாங்க."

கோலாவுக்குப் போகிறவர்கள் அந்தப் பருவம் முழுக்க குடிக்காமல், சுத்தபத்தமாக இருக்க வேண்டும் என்பது அந்த ஊர்க் கட்டுப்பாடு. சேகருக்கு முன்பு குடிப்பழக்கம் இருந்தது, விட்டு இரண்டு வருடம் ஆகியிருந்தது. மீன் வரவில்லை என்றதும் எல்லோர் கண்ணும் அவர் மேல் விழுந்தது. சத்தியம் செய்தும் நம்பவில்லை. சொந்த மச்சான் தேசப்பனே அவரைப் படகிலிருந்து இறக்கிவிட்டார். இரண்டு பெண் குழந்தைகளின் தகப்பன், பருவம் முடியும்வரை கரையில் உட்கார வேண்டியதுதான்.

அதைக் கேட்ட பிறகும் நான் என் பேச்சை மாற்றிக்கொள்ளவில்லை என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். அண்ணன் மகளுக்கு அடுத்த மாதம் கல்யாணம். விஷத் தழையைக் கொடுத்தவன் என்று பேர் ஆனால் அந்த ஊர் நம் வாசலை மிதிக்காது, நஷ்டம் கேட்டுப் பஞ்சாயத்து வைப்பார்கள் என்றெல்லாம் பயமுறுத்தினேன். மறுநாள் அவர் வண்டியை எடுத்தபோது, வழியிலாவது மனதை மாற்றலாம் என்று நானும் ஏறிக்கொண்டேன். செங்கல்பட்டு வரைக்கும் பேசிப் பார்த்தேன். அதற்கப்புறம் அவர் ரேடியோவைச் சத்தமாக வைத்துவிட்டார்.

வலை பின்னும் கொட்டகையில் பத்துப் பதினைந்து பேர் இருந்தார்கள். அண்ணன் நின்றுகொண்டே சொன்னார். எந்தத் தரிசு, யார் மருந்து அடித்தது, தான் கேட்காமல் வெட்டியது, ஒன்றையும் விடவில்லை. கடைசியில், "சேகர் மேல தப்பு இல்ல. தப்பு என்னுது," என்றார்.

ஒரு பெரியவர் எழுந்து, "வெசத்தையா கட்டிக் குடுத்த? எங்க வயித்துல அடிச்சிட்டியேபா!" என்று கத்தினார். அண்ணன் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். தேசப்பன் அவரை ஏறிட்டும் பார்க்கவில்லை. யாரோ போய்ச் சேகரைக் கூட்டி வந்தார்கள். விஷயத்தைக் கேட்ட சேகர் மச்சானைப் பார்த்து, "கோலாவுக்கு மூக்கு இருக்குது. உனக்குத்தான் இல்ல. நான் குடிச்சனா இல்லையான்னு மோந்துகூட பாக்கல நீ," என்றார். சொல்லும்போதே அவருக்கு அழுகை வந்துவிட்டது. தேசப்பன் எழுந்து போய் அவர் தோளைப் பிடித்துக்கொண்டார்.

திட்டிய அந்தப் பெரியவர்தான் கடைசியில் முடிவு சொன்னார். "வேற கட்டு கொண்டா. இந்த வாட்டி கட்டுன ஆளும் கூட வரட்டும். மீன் வருதா இல்லையான்னு கண்ணால பாக்கட்டும்."

அண்ணனுக்கு நீச்சல் தெரியாது. ஏரி நிரம்பி வழிகிற கலங்கலில் தண்ணீர் வேகமாக ஓடினாலே தள்ளி நிற்பவர். ஆனாலும் மறுபேச்சு பேசவில்லை. மூன்று நாள் கழித்து, நல்ல கொழுஞ்சியோடு, சேகர் ஏறிய அதே படகில் ஏறினார். போகும் வழியெல்லாம் வாந்தி. கரை மறைந்ததும் கண்ணை மூடிப் படுத்துவிட்டாராம். மறுநாள் காலையில் சேகர் தட்டி எழுப்பி, "ணா, பாரு," என்றிருக்கிறார். கட்டுகளைச் சுற்றித் தண்ணீரே தெரியாதபடி கோலா. தழைக்குள் புகுந்து புரண்டு, மனிதர்கள் பக்கத்தில் இருப்பதையே மறந்து முட்டை விட்டுக்கொண்டிருந்ததாம். அண்ணன் அழுதுவிட்டாராம். இதைச் சேகர்தான் சொன்னார், அண்ணன் சொல்லவில்லை. அப்போது சேகர் தன் செல்லில் எடுத்த படம்தான் அட்டையில் இருப்பது.

அதற்குப் பிறகு ஒவ்வொரு பருவத்திலும் ஒரு நடை அவர் படகில் போய் வந்தார். வாந்தி மட்டும் கடைசிவரை நிற்கவில்லை. நிலத்துக்காரரை நேரில் பார்த்து மருந்து அடித்தீர்களா என்று கேட்காமல் எங்கேயும் அரிவாள் வைக்கமாட்டார். கேட்ட பிறகும் ஒரு கொத்தைக் கிள்ளி வாயில் போட்டு மெல்லுவார். "ஆடு மேயுது பாரு," என்று அண்ணி கிண்டல் செய்வார். பஞ்சாயத்து வைப்பார்கள் என்று நான் பயமுறுத்திய அந்த ஊர், கல்யாணத்துக்கு வேன் பிடித்து வந்து, பந்தி பரிமாறிவிட்டுப் போனது.

கடைசி இரண்டு ஆண்டுகள் சிறுநீரகம் அவரைப் பாடாய்ப் படுத்தியது. வாரத்துக்கு மூன்று நாள் ரத்தம் சுத்திகரிக்கக் காஞ்சிபுரம் ஆஸ்பத்திரிக்கு அலைந்தோம். தண்ணீரைக்கூட அளந்து குடிக்க வேண்டிய நிலை. அதற்கும் அவர் முகம் சுளிக்கவில்லை. போன வருடம் வைகாசியில் சேகரே கொழுஞ்சிக்கு வந்தார். கட்டிலில் படுத்தபடியே எந்த மேடு, யாருடைய நிலம், யாரைக் கேட்க வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொல்லி அனுப்பினார். ஆனி மாதம், ஒரு வெள்ளிக்கிழமை காலை ஆறு மணி வாக்கில், அண்ணி கையால் ஒரு வாய் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு அடங்கிவிட்டார்.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் நிறையப் பேர். முகம் கோணாமல் பார்த்துக்கொண்ட ஆஸ்பத்திரிச் செவிலியர்களுக்கு, கூப்பிட்ட நேரத்துக்கெல்லாம் ஆட்டோ கொண்டுவந்த பக்கத்து வீட்டுத் தம்பிக்கு, கேட்டபோதெல்லாம் விடுப்பு தந்த என் அலுவலகத்தாருக்கு, பதினாறு நாளும் எங்கள் வீட்டு அடுப்பைத் தங்கள் அடுப்பாக எண்ணிச் சமைத்துப் போட்ட தெருக்காரர்களுக்கு, அட்டைப் படத்தை ஏற்காமலே இந்த மலருக்கு முன்நின்ற பெரியப்பாவுக்கு, எங்கள் குடும்பத்தின் வணக்கம்.

இன்னும் ஒரு நன்றி இருக்கிறது. அண்ணன் போன அன்று காலை ஏழு மணிக்குத் தேசப்பனுக்குப் போன் செய்தேன். பதினொரு மணிக்கெல்லாம் குப்பத்திலிருந்து முப்பது பேர் வந்து இறங்கிவிட்டார்கள். பருவத்தின் நடு நாட்கள் அவை, ஒரு நாள் போனாலும் திரும்பக் கிடைக்காது. தேசப்பனின் மனைவி சகுந்தலா அக்கா என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். உங்கள் படகு நின்றுபோய்விட்டதே என்று சங்கடத்தோடு சொன்னேன்.

"எங்க போட்டு மட்டும் இல்லமா. இன்னிக்கி ஒரு போட்டும் போவல. ஐஸெல்லாம் ஏத்தினதுக்கு அப்புறம் இறக்கிட்டாங்க. ஊர்ல சாவு வுழுந்தா யாரும் கடல்ல எறங்க மாட்டோம்."

அழுது அழுது என் தலை கலங்கியிருந்தது. "ஐயோ, உங்க ஊர்ல யாருக்கா செத்தாங்க?" என்று கேட்டேன்.

அவர் என்னைப் பார்த்தார். "இன்னாமா இப்படிக் கேக்கற? உங்க அண்ணன்தான்."

அண்ணா, அன்று செங்கல்பட்டு வரைக்கும் நான் பேசிய பேச்சில் ஒன்றைக்கூட நீங்கள் கேட்கவில்லை. கேட்காமல் போனதற்கு உங்கள் தங்கையின் நன்றி.