சத்தம் போடாத பிரேக்

அறுபதுகளின் தொடக்கத்தில், ஒரு தை மாதம், திண்டுக்கல்லிலிருந்து ஆத்தூர் செல்லும் சாலையில் நடந்தது இது. அப்போது நான் திண்டுக்கல்லில் வழக்கறிஞராக இருந்தேன். சட்டத்துக்கு முன்பு இயற்பியலில் பட்டம் பெற்றவன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அந்தப் பெருமைக்கும் இந்த நிகழ்ச்சிக்கும் தொடர்பு உண்டு.

என் தந்தையார் இரண்டாம் உலகப் போருக்கு முன் வாங்கிய சீமைக் கார் ஒன்று என்னிடம் இருந்தது. கரும்பச்சை நிறம். அதில் ஒரு திருகாணியைக்கூட மாற்றக் கூடாது என்பது என் கொள்கை. பிரேக் தேய்ந்துபோனபோது, பேருந்து நிலையத்துக்கு அருகே பட்டறை வைத்திருந்த மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். என் வயதுதான் அவருக்கும்.

“ஐயா, இந்தக் கம்பி பிரேக்கக் கழட்டிப் போட்டுட்டு ஆயில் பிரேக் வச்சிருவோம். மிதிச்சா நிக்கும்” என்றார்.

நான் மறுத்துவிட்டேன். டிரம்முக்குள் உரசிச் சக்கரத்தை நிறுத்தும் பட்டை, பழைய காலத்தில் இருந்ததைப் போலவே நெய்த பட்டையாக வேண்டும் என்று சென்னைக்கு எழுதினேன். இருந்த கடைசி செட்டை அனுப்பிவைத்தார்கள். அதைப் பொருத்தப் பித்தளை ரிவிட்டு கிடைக்கவில்லை. மெக்கானிக் என் பிடிவாதத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டு, பூட்டு வேலை செய்யும் தம் மைத்துனரிடம் சொல்லி, பழைய அளவிலேயே ஒவ்வொன்றாகக் கடைந்து வாங்கிவந்தார். வண்டியை ஒப்படைக்கும்போது ஒன்றே ஒன்று சொன்னார்.

“பட்டை படியிற வரைக்கும் கொஞ்ச நாளைக்குக் கத்தும்யா. கத்தட்டும். நீங்க கை வச்சிராதீக.”

கத்தியது. சாதாரணமாக அல்ல. நீதிமன்ற வாசலில் நான் பிரேக்கை மிதித்தால் தெருவே திரும்பிப் பார்த்தது. எதிரே தேநீர்க் கடையில் ஒருவன், “ஆட்டுக்குட்டி வந்துருச்சுலே, கோர்ட்டு தொறந்தாச்சு” என்றான். கட்சிக்காரர்கள் முன்னால் அந்தச் சிரிப்பு எனக்குப் பொறுக்கவில்லை.

அந்த வாரம் அகரத்திலிருந்து எங்கள் வீட்டுக்குத் தேங்காய் ஏற்றிவந்த மாட்டுவண்டி, அச்சு முனகிக்கொண்டே வந்து நின்றது. வண்டிக்காரர் அச்சில் விளக்கெண்ணெய் விட்டார். திரும்பும்போது முனகல் இல்லை. அதைப் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு அதுவே தீர்வாகத் தோன்றியது. தேர்வில் உராய்வைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியவன் நான். விளக்கெண்ணெய்க் குப்பியை எடுத்து, டிரம்மில் இருந்த சிறு துளை வழியாக நான்கு சக்கரங்களுக்கும் விட்டேன். நான்கு சொட்டுப் போதும் என்று எனக்கு நானே வாதாடிக்கொண்டு, கால் குப்பியைக் காலி செய்தேன்.

சத்தம் நின்றது. பிரேக் சற்று மந்தமாகப் பிடித்தது. பட்டை படிந்து வருகிறது என்று தேற்றிக்கொண்டேன்.

மறு ஞாயிறு காலையில் மனைவியையும் எட்டு மாதக் கைக்குழந்தையையும் அழைத்துக்கொண்டு ஆத்தூருக்குப் புறப்பட்டேன். மனைவியின் மாமா வீடு அங்கே. பனி இன்னும் விலகவில்லை. மலை வானத்தில் கரைத்துவிட்ட நீலம்போல இருந்தது. இருபுறமும் அறுத்து முடித்த சோளக்காடு. எங்கிருந்தோ மல்லிகை மணம் வந்து போயிற்று. கார் சாலையில் ஓடுவதாகவே தோன்றவில்லை. நிறைந்த குளத்தில் இலை நகர்வதுபோல நகர்ந்தது. குழந்தை உறங்கிவிட்டது. தூரத்தில் நீர்த்தேக்கம் ஒரு கோடாக மின்னியது. அந்த அமைதி என் சாதனை என்று எண்ணி மகிழ்ந்துகொண்டே சரிவில் இறங்கினேன்.

சரிவின் கீழே, வண்டிகள் ஏறி மணி உதிரட்டும் என்று சாலையில் சோளக்கதிரைப் பரப்பியிருந்தார்கள். அதன் நடுவே ஒரு பெண் முதுகைக் காட்டிக் குனிந்து கூட்டிக்கொண்டிருந்தார். பிரேக்கை மிதித்தேன். கனவில் ஓட முயன்றும் கால் நகராததுபோல, மிதி தரையைத் தொட்டும் வண்டி அதே மென்மையோடு இறங்கிக்கொண்டே இருந்தது. கைப்பிரேக்கும் பிடிக்கவில்லை. ஹாரன் அடிக்கவும் தோன்றவில்லை. சாலையோரத்துச் சோளத்தட்டைப் போரை நோக்கித் திருப்பினேன்.

உலர்ந்த சோளத்தட்டை சரசரவென்று கண்ணாடியை மூடியது. பிறகு எல்லாம் நின்றது. காருக்குள் தட்டை வாசனையும் தூசியும் பொன்னிற வெளிச்சமும் நிறைந்தன. குழந்தை விழித்து, சிரித்தது.

அந்தப் பெண் விளக்குமாற்றுடன் வந்து எட்டிப் பார்த்தார். “ஏஞ்சாமி, ஊமை வண்டியா வாங்கி வச்சிருக்கீக?”

செய்தி கேட்டு மாமா வந்துவிட்டார். இரண்டு லாரிகள் வைத்திருந்தவர். இரண்டும் அதே மெக்கானிக்கிடம்தான் வேலைக்குப் போகும். “பிரேக்கு எவன் பாத்தது?” என்றார். நான் மெக்கானிக்கின் பெயரைச் சொன்னேன். சொன்னது பொய்யில்லை. அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை.

“இனிமே நம்ம வண்டி ஒண்ணும் அவன் பட்டறைக்குப் போகாது. ஊருக்கே சொல்லி வைக்கிறேன்” என்று கூறிவிட்டு, மெக்கானிக்கை அழைத்துவர ஆள் அனுப்பினார்.

நண்பகலில் சைக்கிளில் வந்து சேர்ந்தார் மெக்கானிக். சுற்றி இருபது பேர். எவரும் அவரை வா என்று அழைக்கவில்லை. அவர் முன்சக்கரத்தைக் கழற்றி, டிரம்மை இழுத்து, உள்ளே விரலால் வழித்து முகர்ந்தார். என்னைப் பார்த்தார். பட்டையை என் முன் நீட்டுவதுபோல அருகே குனிந்து, எனக்கு மட்டும் கேட்கச் சொன்னார்:

“வெளக்கெண்ணெ வயித்துக்குத்தான்யா நல்லது. நான் சொல்லட்டுமா, நீங்களே சொல்றீகளா?”

கூண்டில் நிற்பவர்களிடம், ஆம் அல்லது இல்லை என்று மட்டும் சொல் என எத்தனையோ முறை கண்டிப்பாகக் கேட்டவன் நான். அன்று என் வாயிலிருந்து அந்த ஒரு வாக்கியம் வருவதற்குள் நெடுநேரம் ஆயிற்று. எண்ணெய் விட்டது நான்தான், அவர் வேலையில் குற்றமில்லை என்றேன். “படிச்சவுக பண்ற வேலையா இது” என்றார் விளக்குமாற்றுடன் நின்ற பெண். மாமா என் பக்கம் திரும்பாமல் மெக்கானிக்கிடம், “வாய்யா, சாப்பிட்டுட்டு வேலையப் பாரு” என்றார்.

எண்ணெயில் ஊறிய பட்டைகள் உதவாமல் போயின. வேறு செட் எங்கும் இல்லை. மெக்கானிக் லாரிப் பட்டையை அளவாக அறுத்து, அதே போன்ற பித்தளை ரிவிட்டுகளை மறுபடியும் கடையச் செய்து பொருத்தினார். நான் எதிர்ப்புச் சொல்லவில்லை. மறுவாரம் நீதிமன்ற வாசலில் ஆட்டுக்குட்டி முன்னிலும் பலமாகக் கத்தியது. தேநீர்க் கடை சிரித்தது. தேவையில்லாமலே இன்னொரு முறை மிதித்தேன்.

அந்தக் கார் இன்றும் என் வீட்டுக் கொட்டகையில் நிற்கிறது. பார்க்க வருபவர்கள், எல்லாம் அசலா என்று கேட்பார்கள். பிரேக் பட்டை மட்டும் அசல் இல்லை என்பேன். ஏன் என்று கேட்டால் எதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன், எத்தனை முறை சொல்லியும் அது எனக்கு எளிதாக வருவதில்லை.